பழைய எக்ஸ்பி கணினியின் முகப்பை மாற்றி அமைப்பது எப்படி?

பிள்ளைகள் புதிய மடிக்கணினிக்கு மாறிய பிறகும், வீட்டின் ஒரு மூலையில் துணி போர்த்திய பழைய கணினி இருக்கத்தான் செய்கிறது. தாத்தா அதில்தான் குடும்பப் படங்களைப் பார்ப்பார். கோயில் கணக்கும் பழைய கூட்டக் குறிப்புகளும் அதில்தான் இருக்கும். அத்தகைய கணினிகள் பலவற்றில் இன்றும் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001 அக்டோபர் 25ஆம் நாள் வெளியிட்ட இயங்குதளம் இது. இதற்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிந்தது. ஆகவே இந்தக் கணினியை இணையத்தில் இணைப்பது பாதுகாப்பானதல்ல; வங்கிக் கணக்கு, கடவுச்சொல் போன்றவற்றுக்கு அறவே பயன்படுத்தக்கூடாது. ஆனால் இணையம் இல்லாமல் எழுதவும், படிக்கவும், படம் பார்க்கவும் இது இன்னும் உதவும். அதற்குத் திரை, அதன் முன் உட்காருபவரின் கண்ணுக்கும் கைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். முகப்பை மாற்றுவது வெறும் அலங்காரமல்ல. எழுத்து தெரியாமல் ஒதுக்கி வைத்த கணினியை மறுபடியும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வழியும் அதுவே.

முதலில் செய்ய வேண்டியது

திரையின் வெற்றிடத்தில் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, 'ப்ராபர்ட்டீஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். அதன் மேல்புறத்தில் தீம்ஸ், டெஸ்க்டாப், ஸ்கிரீன் சேவர், அப்பியரன்ஸ், செட்டிங்ஸ் என ஐந்து பகுதிகள் உண்டு. முகப்பு மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் 'தீம்ஸ்' பகுதியில் 'சேவ் அஸ்' பொத்தானை அழுத்தி, இப்போதைய தோற்றத்தை ஒரு பெயரில் சேமித்து வைப்பது நல்லது. பின்னணிப் படம், நிறம், எழுத்தளவு, ஒலிகள் ஆகியவை அதில் பதிவாகிவிடும். பிடிக்காத மாற்றம் வந்துவிட்டால் அதே பெயரைத் தேர்ந்தெடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

தோற்றமும் பின்னணியும்

எக்ஸ்பியோடு வரும் தோற்றத்துக்கு 'லூனா' என்று பெயர். 'அப்பியரன்ஸ்' பகுதியில் அதன் நீலம், ஆலிவ் பச்சை, வெள்ளி ஆகிய மூன்று நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதே இடத்தில் 'விண்டோஸ் கிளாசிக்' என்பதைத் தேர்ந்தால், விண்டோஸ் 98 காலத்துச் சாம்பல் நிறத் தோற்றம் வந்துவிடும். பழைய முறைக்குக் கை பழகிய பெரியவர்கள் பலர் இதையே விரும்புவார்கள். நினைவகம் குறைந்த கணினிகளில் இது சற்று விரைவாகவும் இயங்கும். 'ஸ்டார்ட்' பட்டியலையும் பழைய வடிவுக்கு மாற்றலாம். கீழ்ப்பட்டையில் வலப்பொத்தானை அழுத்தி, 'ப்ராபர்ட்டீஸ்' சென்று, 'ஸ்டார்ட் மெனு' பகுதியில் 'கிளாசிக்' என்பதைத் தேர்ந்தால் போதும்.

எக்ஸ்பி என்றதும் நினைவுக்கு வரும் பச்சை மேடும் நீல வானமும் கணினியில் வரைந்த படமல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சோனோமா வட்டாரத்தில், சார்ல்ஸ் ஓரியர் என்ற புகைப்படக் கலைஞர் 1996இல் எடுத்த நிழற்படம் அது. 'பிளிஸ்' என்பது அதன் பெயர். அதற்குப் பதிலாகக் குடும்பப் படத்தை வைக்க, 'டெஸ்க்டாப்' பகுதியில் 'பிரௌஸ்' பொத்தானை அழுத்திப் படத்தைக் காட்ட வேண்டும். படம் சிறியதாக இருந்தால் 'ஸ்ட்ரெட்ச்' வேண்டாம். முகங்கள் இழுபட்டுத் தெரியும். 'சென்டர்' என்று வைத்து, சுற்றிலும் ஒரே அடர்நிறம் கொடுத்தால் படமும் தெளிவாக இருக்கும், அதன்மேல் உள்ள சின்னங்களின் பெயர்களும் படிக்க எளிதாகும்.

கண்ணுக்கு ஏற்ற எழுத்து

எழுத்து சிறியதாக இருக்கிறது என்று பலர் 'செட்டிங்ஸ்' பகுதிக்குப் போய்த் திரையின் தெளிவளவைக் குறைத்துவிடுவார்கள். பழைய பெட்டி வடிவத் திரையில் இது பரவாயில்லை. தட்டைத் திரையில் இப்படிச் செய்தால் எழுத்து பெரிதாகும்; ஆனால் மங்கிப் போகும். தட்டைத் திரைக்குரிய தெளிவளவை அப்படியே விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் பெரிதாக்குவதே சரியான வழி.

'அப்பியரன்ஸ்' பகுதியில் 'ஃபான்ட் சைஸ்' என்ற இடத்தில் 'லார்ஜ்' அல்லது 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அருகிலுள்ள 'எஃபெக்ட்ஸ்' பொத்தானுக்குள் பெரிய சின்னங்களுக்கான கட்டமும், 'கிளியர்டைப்' என்ற வசதியும் உள்ளன. தட்டைத் திரையில் எழுத்தின் விளிம்பை மென்மையாகக் காட்டுவது கிளியர்டைப்.

இதுவும் போதாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்ட்' பொத்தானை அழுத்தி, 'ஜெனரல்' என்ற இடத்தில் 96 டிபிஐ என்பதை 120 டிபிஐ ஆக மாற்றி, கணினியை மூடித் திறக்க வேண்டும். சில பழைய மென்பொருள்களில் பொத்தான்கள் பெட்டிக்கு வெளியே தள்ளப்பட்டு மறையக்கூடும். அப்படி நேர்ந்தால் 96க்கே திரும்பிவிடலாம்.

ஒரே கணினியைத் தாத்தாவும் பேரனும் பயன்படுத்தும் வீட்டில், 'கன்ட்ரோல் பேனல்' வழியாக இருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு திறந்து கொடுப்பது நல்லது. நிறம், பின்னணி, 'லார்ஜ்' எழுத்து ஆகியவை அவரவர் கணக்கோடு நின்றுகொள்ளும். டிபிஐ மாற்றம் மட்டும் எல்லாருக்கும் பொதுவானது.

தமிழ் தெரிய வேண்டுமானால்

ஆங்கில எக்ஸ்பியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிவதும், கொம்பு இடம் மாறி நிற்பதும் பலர் கண்டதுதான். கணினி பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தமிழுக்கான வசதி உள்ளே இருக்கிறது. அதை நிறுவவில்லை, அவ்வளவுதான்.

'கன்ட்ரோல் பேனல்' சென்று 'ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, 'லாங்குவேஜஸ்' பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தொடரும் முதல் கட்டத்தில் குறியிட வேண்டும். எக்ஸ்பி வட்டைக் கணினி கேட்கக்கூடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. மூடித் திறந்ததும் 'லதா' என்ற எழுத்துருவில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். கோப்புகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம்.

தட்டச்சு செய்ய, அதே பகுதியில் 'டீடெய்ல்ஸ்' பொத்தானை அழுத்தித் தமிழைச் சேர்க்க வேண்டும். இடப்பக்க ஆல்ட், ஷிஃப்ட் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். எக்ஸ்பியோடு வரும் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் முறையில் அமைந்தது. தமிழ் 99 முறைக்குப் பழகியவர்களுக்குத் தனி மென்பொருள் தேவைப்படும்.

பழைய தமிழ்க் கோப்புகள்

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் எழுதப்பட்ட கோப்புகளுக்கு மேலே சொன்ன வழி போதாது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கிய முரசு அஞ்சல் தொடங்கி, பல தமிழ் மென்பொருள்கள் அக்காலத்தில் புழங்கின. திஸ்கி, டாம், டாப் எனக் குறியாக்கங்களும் பல இருந்தன. எந்தக் குறியாக்கத்தில் எழுதினார்களோ அதற்குரிய எழுத்துரு இருந்தால்தான் அக்கோப்பில் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகளே தெரியும்.

எனவே பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன், கோப்புகளோடு விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையிலிருந்து தமிழ் எழுத்துருக்களையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அவை கையில் இருந்தால், எழுத்துரு மாற்றி மென்பொருள் வழி யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுத்துருவின் பெயர்கூடத் தெரியாமல் போனால், சங்கத்தின் இருபது ஆண்டுக் கூட்டக் குறிப்பும் படிக்க முடியாத குறிகளாகவே நின்றுவிடும். அந்தப் பென்டிரைவைப் புதிய கணினியில் திறக்கும்போது முதலில் நச்சுநிரல் சோதனை செய்ய மறக்கக்கூடாது.

வேகமும் எச்சரிக்கையும்

கணினி மந்தமாக இருந்தால் 'மை கம்ப்யூட்டர்' சின்னத்தில் வலப்பொத்தானை அழுத்தி, 'ப்ராபர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்ட்', 'பெர்ஃபார்மன்ஸ்' என்று சென்று, 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். நிழல், அசைவு போன்ற அலங்காரங்கள் நீங்கும். பட்டியல்கள் சட்டென்று திறக்கும்.

வெளியார் உருவாக்கிய தோற்றங்களைச் சேர்ப்பதில் மட்டும் கவனம் தேவை. மைக்ரோசாப்ட் ஒப்பமிட்ட தோற்றங்களை மட்டுமே எக்ஸ்பி ஏற்கும். மைக்ரோசாப்டே வெளியிட்ட 'ராயல்', கறுப்பும் ஆரஞ்சும் கலந்த 'ஸூன்' ஆகிய இரண்டும் நேரடியாக வேலை செய்யும். மற்றவற்றைச் சேர்க்க, இயங்குதளத்தின் ஒரு கோப்பையே திருத்தச் சொல்வார்கள். அது தவறிப் போனால் கணினி திறக்காமலே போகலாம். அத்தகைய திருத்திகளோடு நச்சுநிரலும் ஒட்டிவரலாம். ஓர் அழகுக்காகக் குடும்பப் படங்களைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

அன்றாடம் தேவைப்படும் நான்கைந்து சின்னங்களை மட்டும் முகப்பில் விட்டு, மற்றவற்றை ஒரே கோப்புறைக்குள் போட்டுவிட்டால் போதும். பயன்படுத்துபவர் பெரியவரானால் அச்சின்னங்களுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். சின்னத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'ரீநேம்' என்பதைத் தேர்ந்து, 'படங்கள்', 'கோயில் கணக்கு' என்று எழுதிவிட்டால், அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது அவர் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.