தேய்ப்பும் வேரும்: வளர்ப்பு முயல்களில் மீண்டும் மீண்டும் வரும் பல்நோய்

வளர்ப்பு முயலின் நீண்ட பல்லைத் தேய்த்துவிட்டால் நோய் தீர்ந்தது என்ற எண்ணம் வளர்ப்பவர்களிடம் மட்டுமின்றிச் சில சிகிச்சை அறைகளிலும் நிலவுகிறது. ஐந்தாறு வாரத்தில் அதே முயல் அதே தொல்லையோடு வந்து நிற்கிறது. தேய்ப்பது கண்ணுக்குத் தெரியும் பகுதியை. நோயின் பெரும்பகுதி ஈறுக்கு அடியில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்பவை. வெட்டுப்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். புல்லை அரைக்கையில் கீழ்த்தாடை பக்கவாட்டில் அசைந்து பல்லோடு பல் தேய்வதால்தான் நீளம் கட்டுக்குள் நிற்கிறது. தானியமும் குருணைத் தீவனமும் தின்னும்போது இந்த அசைவும், மெல்லும் நேரமும் குறைகின்றன. கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது. அதனால் தேயாத விளிம்பு கீழே நாக்கை நோக்கியும் மேலே கன்னத்தை நோக்கியும் முள்ளாக நீளும். நாக்கில் முள் குத்திய முயல் தீனியைக் கண்டு ஓடிவரும், முகரும், ஒரு வாய் எடுத்துக் கீழே போடும். மோவாய் எச்சிலில் நனைந்திருக்கும். பசியில்லை என்று வீட்டார் சொல்வது பல நேரம் இதைத்தான்.

முன்னால் இடமில்லாத பல் தாடைக்குள் பின்னேறும். கீழ்த்தாடையின் அடிவிளிம்பை விரலால் தடவினால் முண்டுமுண்டாகத் தட்டுப்படும். மேல் வெட்டுப்பல்லின் அடி கண்ணீர்க் குழாயை நெரித்தால் கண் ஓயாமல் வடியும். மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டும் நிற்காத கண்ணீருக்குப் பின்னால் பல் இருப்பது உண்டு. பல்லடியில் சீழ்க்கட்டி வந்துவிட்டால் இன்னும் சிக்கல். முயலின் சீழ் பாலாடைக்கட்டிபோல் இறுகியது, கீறிவிட்டாலும் வடியாது. இவற்றில் எதையும் தேய்ப்பு மாற்றாது. ஆகவே தலையை எக்ஸ்ரே எடுக்காமல், வசதியிருந்தால் சி.டி. எடுக்காமல், மறுபடி மறுபடி தேய்ப்பதை மருத்துவம் என்று ஏற்க இயலாது.

காரணம் பற்றிப் பழைய சர்ச்சை உண்டு. பிரான்செஸ் ஹார்கோர்ட்-பிரவுன் கால்சியம், வைட்டமின் டி குறைவால் எலும்பு நலிவதைச் சுட்டினார். வேறு சிலர் தேய்மானக் குறைவை முதன்மையாக்கினர். 2015இல் வெளியான ஆய்வில் அன்னா மெரிடித் குழுவினர் 32 டச்சு இன முயல்களை நான்கு வகை உணவில் 17 மாதம் வைத்துப் பார்த்தனர். தானியக் கலவையான மியூஸ்லி மட்டும் தின்றவற்றின் கீழ்க் கடைவாய்ப்பற்கள், உலர்புல்லும் தின்றவற்றைவிட, நீண்டு வளைந்திருந்தன. இதிலிருந்து உலர்புல் நோயைத் தடுக்கும் என்று சொல்லலாம். வளைந்துவிட்ட பல்லை நிமிர்த்தும் என்று சொல்ல முடியாது. தொங்குகாது முயல்மீது பழிபோடுவதிலும் நிதானம் தேவை. 2019இல் பிரிட்டனில் 30 முயல்களை ஒப்பிட்ட ஆய்வு அவற்றுக்குப் பல்நோய் மிகுதி என்றது. 2024இல் ராயல் வெட்டரினரி கல்லூரி 1,61,979 முயல்களின் மருத்துவப் பதிவுகளை அலசியபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. முதுமையே பெரிய அபாயமாக நின்றது.

பரம்பரைத் தாடைக் கோளாறால் வெட்டுப்பற்கள் பொருந்தாத இளம் முயலை மாதாமாதம் தூக்கிவருவது வீண் வதை. நகவெட்டியால் நறுக்குவது அதைவிட மோசம், பல் நெடுகப் பிளந்துவிடும். ஆறு வெட்டுப்பற்களையும் ஒரே முறையில் பிடுங்குவதே நேர்வழி. பல் முளைக்கும் திசு மிச்சமிருந்தால் மீண்டும் வளரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு முயல் உதட்டால் கவ்வித் தின்னப் பழகிக்கொள்ளும். கீரையைக் கிள்ளிப்போட்டால் போதும். கடைவாய்ப்பல்லில் கணக்கு வேறு: பிடுங்குவது கடினம், எதிர்ப்பல் தேய ஆளில்லாமல் போகும். அங்கேதான் மயக்கம் கொடுத்துத் தேய்ப்பதும் வலிநிவாரணியும் முறையான வழிகள். சீழ்க்கட்டிக்கென்று கொடுக்கும் வாய்வழிப் பெனிசிலின் வகை மருந்துகள் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து முயலைக் கொல்லக்கூடும். தேய்த்த பின் அரை நாள் தின்னாமல் கிடந்தால் குடல் இயக்கம் நின்றுபோகும் அபாயம் உண்டு. காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சிகிச்சை பலிக்கிறதா என்பதற்கு எடைக் குறிப்பும் இரு தேய்ப்புகளுக்கு இடையிலான வாரக் கணக்குமே நம்பத்தக்க அளவுகோல்கள். இடைவெளி நீண்டு எடை நின்றால் தொடரலாம். இடைவெளி சுருங்கி எடையும் இறங்கினால் கருணைக்கொலை பற்றி வீட்டாரிடம் மருத்துவர் வாய்திறந்து பேச வேண்டும். அதை அடுத்த தேய்ப்புக்குத் தள்ளிப்போடக் கூடாது.