தாலமும் தசையும்

காளத்தி என்றவுடன் கண்ணப்ப நாயனாரை நினையாத தமிழர் இலர். அவ்வூருக்குப் பெருமை தரும் மற்றொன்று கலம்காரி ஓவியம். பாலும் கடுக்காயும் ஊட்டிய துணியில், மூங்கிற் கோலால் இராமாயண பாரதக் கதைகளை எழுதுவர். இரும்பும் வெல்லமும் ஊறிய நீரே கரிய மசி. ஒருமுறை விழுந்த கோட்டை அழிக்க இயலாது. ஆதலின் தவறாத கை வேண்டும். நலிந்திருந்த இக்கலையைக் காக்க, 1957-இல் காளத்தியில் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. திருப்பதியிலும் 1960-இல் தேவஸ்தானத்தார் சிற்பப் பள்ளி கண்டனர்.

நம் மரபில் உடலின் அளவு தாலக் கணக்கால் அமைவது. முகத்தின் நீளம் ஒரு தாலம். அது 12 அங்குலம். (இது அடிக்கோலின் அங்குலம் அன்று, உருவத்துக்கு ஏற்ப மாறுவது.) உத்தம தசதாலத் தெய்வ வடிவத்திற்கு 124 அங்குலம் என்பது விதி. எலும்பையும் தசையையும் எடுத்துக்காட்டுவது இம்மரபின் நோக்கமன்று. வழிபடுவோர் மனத்தில் அமைதியைத் தோற்றுவிப்பதே நோக்கம்.

உடற்கூறு நம் ஓவியர்க்கு அறிமுகமானது எவ்வாறு? சித்தூர் மாவட்டம் 1911 முதல் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. அம்மாகாணத்தின் தலைநகரில் 1850-இல் கலைப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர்! பின்னாளில் அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அவனீந்திரநாத தாகூரிடம் ஓவியம் பயின்றவர். பிறகு சிற்பமும் கற்றார். மெரினாக் கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையைக் காண்க. பாறையைப் பெயர்க்கும் நால்வரின் முதுகிலும் தோளிலும் தசைகள் திரண்டு நிற்கின்றன. சிற்பம் கற்றதனால் அவர் தூரிகையைக் கைவிட்டாரல்லர்.

இன்று சிற்பியின் களிமண் கணினித் திரைக்குள்ளும் புகுந்துவிட்டது. மின்கோல் கொண்டு உருவத்தைப் பிசையலாம், செதுக்கலாம். பிழையை நொடியில் நீக்கலாம். ஆனால் துணியில் எழுதுவோனுக்கு ஒருபுறம் போதும். திரையிலோ உருவம் சுழலும்போது விலாவும் முதுகும் வெளிப்படும். கையை உயர்த்தினால் தோளெலும்பு எங்ஙனம் நகரும் என்பதை அறியாதவன் அங்கே விழிக்க நேரும். ஆகவே மரபோவியனும் உடற்கூறு பயிலுதல் இன்றியமையாதது.

இதனால் மரபு அழியும் எனப் பெரியோர் அஞ்சுகின்றனர். தாலம் பழங்கணக்கு என இளைஞர் இகழ்கின்றனர். இரண்டும் பொருந்தா. உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை உடற்கூறு உரைக்கும். உருவம் எவ்வாறு பொலிய வேண்டும் என்பதைத் தாலம் உரைக்கும். ஒன்றையே கற்றவன் பாதி கற்றவனே. மேலும், பிழையை நீக்கும் வசதி மிகுந்த இந்நாளில், அழிக்க இயலாத கோட்டில் பழகிய கையின் அருமை பெருகுமேயன்றிக் குறையாது.

நம் குடியிருப்பிலும் கணினியில் உருவம் சமைக்கும் சிறுவர் பலர் உளர். அடுத்த முறை திருப்பதி யாத்திரை செல்லும் பெற்றோர், அவர்களைக் காளத்திக்கும் அழைத்துச் சென்று, கலம்காரி எழுதும் கையொன்றைக் காட்டுவாராக.