‘விற்பனைக்கு அல்ல’: ஒரு மாத்திரை அட்டையின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடித்துவிட்டு, உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், நாற்பது வயதைத் தாண்டிவிட்டான். (பெயர் போடவில்லை. எழுதலாமா என்று கேட்டேன், "எழுதுங்க டீச்சர்" என்றான்.) நலம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி, "டீச்சர், ஒரு ஐயாயிரம் கைமாத்தா கிடைக்குமா?" என்றான். என்னப்பா விஷயம் என்று கேட்டால், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கவாம். தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்தது மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மூன்று மாதமாக வாங்கவே இல்லை. காலில் ஒரு புண் ஆறாமல் கிடக்கிறது.

"ஏண்டா, ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மா தர்றாங்களே, போய் வாங்க வேண்டியதுதானே?"

"அது தர்ம மாத்திரை டீச்சர். அதுல பவர் இருக்காது."

பணத்தை அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த ‘தர்ம மாத்திரை’ என்ற வார்த்தை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் அரசு மருத்துவமனையைத் தர்மாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். யாரோ இரக்கப்பட்டுப் போடுவது, அதனால் தரம் எப்படி இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்ற அர்த்தம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அந்த மாத்திரை அப்படி வந்ததல்ல. அது எப்படி வந்தது என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பிள்ளைகளுக்கே முழுதாகச் சொன்னதில்லை.

அப்பா கைத்தறி நெசவாளர். 1984இல் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, சீனியாரிட்டி எப்போது வரும் என்று காத்திருந்த காலம். பக்கத்து ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஊசி அங்கேயே போட்டார்கள். சில மாத்திரைகளும் கொடுத்தார்கள். ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு மட்டும் சின்னத் துண்டுச்சீட்டு ஒன்றை எழுதி, "ஸ்டாக் இல்ல, வெளியே வாங்கிக்கோங்க" என்றார்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கு அந்தத் துண்டுச்சீட்டு நினைவிருக்கும். வாசலிலேயே வரிசையாக மருந்துக்கடைகள் இருக்கும்.

முதல் மாதம் வாங்கினோம். இரண்டாம் மாதம் அம்மாவின் ஏழு கல் தோடு அடகுக்கடைக்குப் போனது. நான்காம் மாதம் அப்பா, "இருமல் நின்னுருச்சு, இனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இருமல் நின்றது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன காரணம் அது அல்ல என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் நோய் திரும்பி வந்தது. 1986இல் அப்பா போய்விட்டார். எனக்கு வேலை கிடைத்தது 1988இல்.

இதில் ஒரு கொடுமை என்ன தெரியுமா? காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகத்துக்கே காட்டிய ஆய்வு நடந்தது நம் மெட்ராஸில்தான். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 1959இல் அந்த முடிவை வெளியிட்டது. மருத்துவம் நம் வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. மாத்திரைதான் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில், 1911இல், ஒரு காப்புரிமைச் சட்டம் போட்டார்கள். ஒரு மருந்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டால் பதினாறு வருடம் வரை அதை வேறு யாரும் தயாரிக்க முடியாது. சுதந்திரம் வந்த பிறகும் அந்தச் சட்டமே ஓடிக்கொண்டிருந்தது. 1961 வாக்கில் மருந்து விலையை ஆராய்ந்த அமெரிக்க செனட் குழு ஒன்று, உலகிலேயே மருந்து விலை மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று எழுதியது. பணக்கார நாட்டுக்காரர்கள் ஏழை நாட்டைப் பார்த்துச் சொன்னது இது.

இதை மாற்ற வழி சொன்னவர் நம்மூர்க்காரர். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார். காப்புரிமைச் சட்டத்தை ஆராயச் சொல்லி மத்திய அரசு அவரைக் கேட்டுக்கொண்டது. 1959இல் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் உள்ள காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டினர் கையில் இருக்கிறது என்று அதில் கணக்குக் காட்டினார். மருந்துக்கே காப்புரிமை கொடுக்காதீர்கள், அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும் கொடுங்கள் என்றார். கேட்கச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். சாம்பாருக்கே ஒருவர் உரிமை வாங்கிவிட்டால் ஊரில் வேறு யாரும் சாம்பார் வைக்க முடியாது. அவருடைய செய்முறைக்கு மட்டும் உரிமை என்றால், அடுத்த வீட்டுக்காரி வேறு விதமாக வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அதுதான் வித்தியாசம். (வகுப்பில் இப்படிச் சொன்னால் கடைசி பெஞ்சுக்கும் புரியும்.)

அறிக்கை சட்டமாக மாற பதினொரு வருடம் ஆனது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகுதான் நம் நாட்டுக் கம்பெனிகள் வேறு செய்முறையில் அதே மருந்துகளைச் செய்யத் தொடங்கின. இன்று உலகத்துக்கே மலிவாக மருந்து அனுப்புகிறோம் என்று பெருமைப்படுகிறோமே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் மருந்து செய்வது ஒன்று, அது ஏழையின் கைக்கு வருவது வேறு. என் அப்பா இறந்தது சட்டம் வந்து பதினான்கு வருடம் கழித்து என்பதைக் கவனியுங்கள்.

கைக்கு வரும் வழியை நமக்கு முன்பே காட்டியது இலங்கை. அங்கே சேனக பிபிலே என்ற மருந்தியல் பேராசிரியர் இருந்தார். 1971இல் அவர் முன்னின்று அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கினார். நாட்டுக்கு என்னென்ன மருந்து உண்மையில் தேவை என்று பட்டியல் போட்டு, இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்ததை ஏறத்தாழ அறுநூறாகக் குறைத்தார்கள். கம்பெனிப் பெயரைத் தள்ளிவிட்டு மருந்தின் சொந்தப் பெயரில், உலகம் முழுக்க டெண்டர் கேட்டு, மொத்தமாக வாங்கினார்கள். விலை இறங்கியது. பெரிய கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை, எதிர்ப்பு பலமாகவே இருந்தது. பிபிலே 1977இல் தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக்குப் பணியாகப் போன இடத்தில் இறந்தார். அதே 1977இல்தான் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது.

இனி தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 1990களின் தொடக்கம் வரை இங்கே அரசு மருந்து கொள்முதல் ஒழுங்கில்லாமல்தான் இருந்தது. ஒவ்வொரு துறையும் தனித்தனியாக வாங்கும். ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து காலாவதியாகிக் குப்பைக்குப் போகும், இன்னொன்றில் அதே மருந்துக்குத் துண்டுச்சீட்டு எழுதுவார்கள். கொள்முதலில் ஊழல் என்ற பேச்சும் பெரிதாக எழுந்தது. இதற்குப் பிறகுதான் 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிறந்தது. அதை வடிவமைத்ததில் முக்கியமானவர் ஆர். பூர்ணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. கழகம் மருந்து வழங்கத் தொடங்கியது 1995 ஜனவரியில்.

அந்த ஒரு மாதத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. 1995 ஜனவரி 1ஆம் தேதிதான் உலக வர்த்தக அமைப்பு வந்தது. ஐயங்கார் வாங்கிக் கொடுத்த சலுகையை நாம் பத்து வருடத்தில் விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. 2005இல் விட்டும் கொடுத்தோம். அதே ஜனவரியில் மத்திய அரசு புதிய மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையைப் போட்டது. 1979இல் 347 மூலமருந்துகளுக்கு இருந்த விலைக் கட்டுப்பாடு, அதில் சுமார் 75 ஆகச் சுருங்கியது. டில்லியில் கதவுகள் சாத்தப்பட்ட அந்த மாதத்தில் சென்னையில் ஒரு ஜன்னல் திறந்தது. ஒருவரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, அப்படி அமைந்தது.

அந்த ஜன்னல் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் என் மாணவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மருந்துப் பட்டியலைச் சுமார் 250 மருந்துகள் என்று இறுக்கினார்கள். இடைத்தரகர் வேண்டாம், மருந்து செய்கிற கம்பெனி நேரடியாக டெண்டர் போடட்டும் என்றார்கள். டெண்டருக்கு இரண்டு கவர். முதல் கவரில் கம்பெனியின் தகுதி: எத்தனை வருடமாக அந்த மருந்தைச் செய்கிறார்கள், எவ்வளவு விற்றிருக்கிறார்கள், தொழிற்சாலை எப்படி இருக்கிறது. அதில் தேறினால்தான் விலை எழுதிய இரண்டாவது கவரைப் பிரிப்பார்கள். ஆகவே, "எவன் கம்மியா கேட்டானோ அவன்கிட்ட வாங்கிட்டாங்க" என்பது சரியல்ல. மாநிலம் முழுவதற்கும் ஒரே கொள்முதல் என்பதால் கம்பெனிகள் விலையை இறக்கின. பணமும் இழுத்தடிக்காமல் கொடுக்கப்பட்டதால் நல்ல கம்பெனிகள் வந்தன.

அடுத்தது பரிசோதனை. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். கம்பெனிப் பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயர் தெரியாமல் டம்மி நம்பர் போட்டுத் திருத்தக் கொடுப்போமே, அதே மாதிரி. திருத்துகிறவருக்கு அது யார் பிள்ளையின் தாள் என்று தெரியாது. தேறிய பிறகுதான் மாத்திரை ஆஸ்பத்திரிக்குப் போகும். தேறாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். அடிக்கடி தவறினால் கம்பெனியையே ஒதுக்கிவிடுவார்கள். என் மாணவன் மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குகிற மாத்திரையில் எல்லாத் தொகுதியும் கடைக்கு வருமுன் இப்படி வெளி ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டு வருவதில்லை.

ஆஸ்பத்திரிகளுக்குப் பாஸ்புக் கொடுத்தார்கள். வங்கிப் பாஸ்புக் மாதிரிதான். இவ்வளவு ரூபாய்க்கு உனக்கு மருந்து உண்டு, தேவைக்கு ஏற்பக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள் என்று. மலேரியா வருகிற ஊர் அந்த மருந்தைக் கூடுதலாக எடுக்கும், பாம்புக்கடி அதிகமுள்ள ஊர் அதற்குரிய ஊசியை எடுக்கும்.

இன்னொன்றும் செய்தார்கள். முன்பெல்லாம் டப்பாவிலிருந்து மாத்திரையை அள்ளி, பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள். எது என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. கழகம் வந்த பிறகு அட்டை அட்டையாக வந்தது. அதன் மேல், தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்தார்கள். வெளியே கடத்தி விற்கக் கூடாது என்பதற்காகப் போட்டது அது. நம் ஆட்கள் அதை, காசு பெறாத சரக்கு என்று படித்துக்கொண்டார்கள்!

இந்த முறையைக் கேரளமும் ராஜஸ்தானும் வந்து பார்த்து எடுத்துக்கொண்டன. ராஜஸ்தானில் 2011 காந்தி ஜயந்தி அன்று அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்கே ஒரு முறை பிரஷர் மாத்திரைக்கு, "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார்கள். சிறப்பு மருந்துகள் சிலவற்றுக்கு இன்றைக்கும் வெளியே போக வேண்டியிருக்கிறது. கூட்டம், காத்திருப்பு, சில இடங்களில் கடுகடுப்பான பேச்சு, இதெல்லாம் உண்டு. கேட்க வேண்டியதைக் கேளுங்கள். அது நம் வரிப்பணம்.

இப்போது தேவைப்படுகிறவர்களுக்காகச் சில விவரங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் ஊர் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் பதிந்துகொள்ளுங்கள். தனியார் டாக்டர் எழுதிய சீட்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டலாம். அங்கே இருக்கும் அதே மருந்தையோ அதற்கு ஈடானதையோ அவர் பார்த்து எழுதித் தருவார். நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள். அங்கே கிடைக்காததைக் குறைந்த விலையில் வாங்க 2008 முதல் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் மாநில அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷன், பெரிய சிகிச்சை போன்றவற்றுக்கு உதவும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அதை நம்பி இருக்காதீர்கள். பென்ஷன்காரர்களான எங்களுக்கு மாதம் 300 ரூபாய் மருத்துவப்படி தருகிறார்கள். அதைப் பற்றி வேறொரு நாள் சிரித்துக்கொள்வோம்.

இதையெல்லாம் அவனிடம் போனில் ஒரு மணி நேரம் சொன்னேன். "பாடம் எடுத்துட்டீங்க டீச்சர்" என்றான். அடுத்த செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறான். டாக்டரம்மா காலைப் பார்த்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினான். வீட்டில் கிடந்த பழைய கடை அட்டையையும் பக்கத்தில் வைத்து எடுத்திருந்தான். இரண்டிலும் மருந்தின் பெயர் ஒன்றுதான், மில்லிகிராமும் ஒன்றுதான்.

வாங்கிய ஐயாயிரத்தை வைகாசிக்குள் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். நான் கேட்டது அதை அல்ல. மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை அளவு என்னவென்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.