ஆட்டுக்குடலில் தொடங்கிய அடிநாதம்

ஆம்பூரில் யாரிடமும் ரெக்சினைத் தோல் என்று சொல்லி விற்றுவிட முடியாது. கையில் வாங்கி ஒரு மூலையை மடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். ரெக்சினில் அச்சு உருளை பதித்த கோலம் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும். தோலில் எதுவும் திரும்ப வராது. முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, கழுத்துச் சுருக்கம் என்று அங்குலத்துக்கு அங்குலம் வேறு வேறாக இருக்கும்.

அந்த ஊரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பகலில் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். இரவானால் லேப்டாப்பைத் திறந்து கிறிஸ்தவப் பாடல்களுக்கு டிராக் போடுவார். பேஸ் கிட்டார் வாசிக்கப் பக்கத்தில் ஆள் இல்லாததால் அதையும் சாஃப்ட்வேரிலேயே வைத்துக்கொள்கிறார். ஒருநாள் புதிதாகப் போட்ட பாட்டைக் கேட்கச் சொன்னார். பாதியிலேயே தானே நிறுத்தினார். "ரெக்சின் மாதிரி கீது இல்லண்ணே?" என்றார். ஒரே ஸ்வரம் நாலு முறை வந்தது. நாலும் ஒரே அச்சு.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத பேஸ் கிட்டார் எந்த வழியாக ஆம்பூர் வந்து சேர்ந்தது என்று தேடிப் போனால், முதல் தடயம் ஆம்பூருக்குப் பழகிய உயிரிடமே கிடைக்கிறது. அது ஆடு.

தமிழிசை மரபு வாத்தியங்களைப் பிரிக்கும்போது தோற்கருவி, நரம்புக்கருவி என்ற வகைகளையும் சொல்லும். யாழின் தந்திக்கு நரம்பு என்றே பெயர். ஐரோப்பாவிலும் இதே கதைதான். வயலின் குடும்பத்தின் பெரியண்ணனான டபுள் பேஸுக்குப் பல நூறு ஆண்டுகள் ஆட்டுக்குடலைத் திரித்துத்தான் தந்தி போட்டார்கள். தாழ்ந்த ஸ்வரம் வேண்டுமானால் தந்தி தடிக்க வேண்டும். குடலோ ஓர் அளவுக்குமேல் தடித்தால் கயிறு மாதிரி ஆகி மந்தமாகிவிடும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடலின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றிப் பார்த்தார்கள். தந்தி அதிகம் தடிக்காமலே எடை கூடியது, அடிநாதம் தெளிந்தது. இன்றைய பேஸ் கிட்டார் கம்பியும் சுற்றுக் கம்பிதான். உள்ளே குடல் இருந்த இடத்தில் எஃகு இருக்கிறது, அவ்வளவே.

இத்தாலியின் அப்ருட்ஸோ பகுதியில் சாலே என்று ஒரு மலைக்கிராமம். வாணியம்பாடிக்கும் பேர்ணாம்பட்டுக்கும் தோல் எப்படியோ, சாலேவுக்குக் குடல் நரம்பு அப்படி. ஊரே அந்தத் தொழிலில் இருந்தது. அங்கிருந்து 1905-ல் நியூயார்க்குக்குக் கப்பலேறிய டடாரியோ குடும்பத்தின் பெயர்தான் இன்று உலகமெங்கும் கிட்டார் கம்பி உறைகளில் அச்சாகிறது.

டபுள் பேஸ் ஆள் உயர வாத்தியம். காரின் கூரையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். போனாலும் டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும்போது அதன் குரல் எடுபடாது. சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் 1930-களிலேயே கிட்டார் மாதிரி கிடையாகப் பிடித்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்துவிட்டார். சீந்துவார் இல்லை. 1951-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் அதையே வேறு விதமாகச் செய்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. கணக்கெழுதும் வேலை பார்த்து, பிறகு ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர் அவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. கழுத்தில் உலோகக் கட்டங்களைப் பதித்ததால் விரலை வைத்த இடத்தில் ஸ்வரம் பிசகாமல் விழுந்தது. அதனால் 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்தார். அந்தக் கம்பிகள் டபுள் பேஸைவிட அதிக நேரம் ரீங்கரித்தன. அது பழைய வாத்தியம் மாதிரி 'தும்' என்று அடங்கவேண்டும் என்பதற்காகப் கம்பிகள் ஊன்றி நிற்கும் பாலத்தின் மூடிக்கு உள்ளே ஒரு பட்டை ரப்பரை ஒட்டிக் கம்பிகளை அமுக்கினார்கள். ஆக, நாம் அசல் என்று நினைக்கும் பேஸ் கிட்டாரே இன்னொன்றைப் போலப் பேசப் பழகிய கருவிதான்.

பிறகு அது மனிதர்களின் கைக்குப் போனது. டெட்ராய்டின் மோடவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயர். பாலத்தின் மூடிக்குள் இருந்த அமுக்குப் பட்டையை அவர் எடுக்கவில்லை, கம்பிகளையும் மாற்றுவதில்லை.

லாரி கிரஹாமின் கதையில் விபத்துக்கே முதல் வேஷம். அம்மா பியானோ வாசித்துப் பாட, மகன் கிட்டாரோடு ஆர்கனின் கால்மிதியில் அடிநாதமும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆர்கன் கெட்டுப்போனது. சரியாகும்வரை இருக்கட்டும் என்று பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். பிறகு குழுவில் டிரம்ஸ்காரரும் இல்லாமல் போனார். உடனே கட்டைவிரலால் கம்பியை அறைந்து பெரிய டிரம்மையும், விரலால் சுண்டி இழுத்து சின்ன டிரம்மையும் பேஸிலேயே வரவழைத்தார். இன்று 'ஸ்லாப்' என்று சொல்லும் உத்தி ஓர் ஆள் குறைந்த குறையைச் சமாளிக்கப் பிறந்தது. ஃப்ளோரிடாவில் வளர்ந்த ஜாக்கோ பாஸ்டோரியஸின் பாதை வேறு. தன் பேஸிலிருந்து உலோகக் கட்டங்களைப் பிடுங்கிவிட்டு வாசித்தார். வீணைக்கு மெட்டு உண்டு, கோட்டு வாத்தியத்துக்கு இல்லை அல்லவா? அந்த வித்தியாசம் மாதிரி ஸ்வரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கின.

வழுக்கும் அடிநாதம் தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப்பசை ஒட்டி, கையை அழுத்தி எழுப்பும் கும்கியை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம். (அந்தத் தொப்பிக்கு ஆம்பூரில் பதனிட்டு வரும் தோல் உதவாது. ஆவாரம்பட்டையோ குரோமியமோ ஏறிய தோல் செருப்பாகும், பையாகும். வாத்தியத்துக்குப் பச்சைத்தோல்தான் வேண்டும்.) அதனால்தானோ என்னவோ, கோடம்பாக்கம் பேஸ் கிட்டாரை அவ்வளவு சீக்கிரம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது. இளையராஜா அதைத் தாளத்துக்குத் துணை என்று ஒதுக்காமல் பாட்டுக்குள் ஓடும் இரண்டாவது பாட்டாக எழுதினார். சசிதரன் அதை வாசித்தார். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். குரலை விட்டுவிட்டு அடியில் நடக்கும் கம்பியை மட்டும் பின்தொடருங்கள். எனக்கு அது இன்றும் பாடம்.

நகல் எடுத்தவர்களுக்கும் இந்தப் பயணத்தில் பெரிய பங்கு உண்டு. ஜெர்மனியின் ஹோஃப்னர் வயலின் உருவத்தில் ஒரு பேஸ் செய்தது. 1961-ல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி அதை வாங்கியதற்குக் காரணங்கள் இரண்டு: விலை குறைவு; இருபுறமும் ஒரே வடிவம் என்பதால் இடக்கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. ஜப்பான் கம்பெனிகள் அமெரிக்க கிட்டார்களை அச்சு அசலாகச் செய்து விற்றன. அதற்காக 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனம் வழக்கே போட்டது. நம் நாட்டில் கொல்கத்தாவிலிருந்து 'கிவ்சன்' என்ற பெயரில் கிட்டார்கள் வந்தன. வெளிநாட்டுக் கருவி எட்டாத விலையில் இருந்த காலத்தில் எத்தனையோ சிற்றூர்ப் பையன்கள் கிட்டார் பழகியது அவற்றில்தான்.

நகலின் உச்சம் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியிலிருந்து வந்த டிபி-303. பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிட்டார்காரருக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்த வெள்ளிநிறப் பெட்டி. பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. சில ஆண்டுகளில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மும்பை சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982-ல் அதே பெட்டியை எடுத்து, டிஸ்கோ தாளத்தின்மேல் பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டுக்காகப் பதிவுசெய்தார். அது அப்போது கவனிக்கப்படவில்லை. 1987-ல் சிகாகோ இளைஞர்கள் அந்தப் பெட்டியின் குமிழ்களைத் திருகித் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையையே தொடங்கிவைத்தார்கள். 2010-ல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபதிப்பானபோது கேட்டவர்கள் அசந்துபோனார்கள். பேஸாக முடியாத பெட்டிக்கு ராகம் வந்திருந்தது.

1983-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேச மிடி என்ற பொதுமொழி வந்தது. அதே ஆண்டு கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் என்ற இருவர் மீட்டிய தந்தியின் ஒலியைக் கணக்காலேயே உண்டாக்கும் வழியை வெளியிட்டார்கள். ஒரு துளி இரைச்சலைச் சிறிய வளையத்துக்குள் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மழுக்கினால் அது தந்தி மாதிரி ஒலித்து ஒலித்து அடங்கும்.

1991-ல் ஜெனரல் மிடி என்ற பொதுப்பட்டியல் வந்தது. எந்தக் கீபோர்டு வாங்கினாலும் 33 முதல் 40 வரை பேஸ் வகைகள். 34 விரலால் மீட்டியது, 35 பிக்கால் மீட்டியது, 36 கட்டமில்லாதது, 37-ம் 38-ம் ஸ்லாப். அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆட்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 34-ஐத் தொட்டால் ஜேமர்சனின் விரல், 36-ல் ஜாக்கோ, 37-ல் ஆர்கன் கெட்டுப்போன அந்தப் பையன். அவர்கள் கைப்பழக்கம் மூன்று இலக்கம்கூட இல்லாத எண்ணாகி, ஆம்பூர் சர்ச்சின் கீபோர்டு வரை வந்துவிட்டது.

எண் வந்தது, உயிர் வரவில்லை. பேஸின் ஸ்வரம் பல விநாடிகள் அடங்காமல் நிற்கும். அன்றைய கருவிகளின் நினைவகத்தில் அதற்கு இடமில்லை. ஆரம்பத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் சுழலவிட்டார்கள். 1998-ல் கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் ஒலியை ஹார்டு டிஸ்க்கிலிருந்து நேரடியாகப் படிக்கத் தொடங்கியதும் அந்தத் தடை உடைந்தது. ஒவ்வொரு கட்டத்தையும், ஒவ்வொரு கம்பியிலும், மெதுவாகவும் ஓங்கியும், ஒன்றுக்குப் பலமுறை மீட்டிப் பதிவுசெய்து வைக்க முடிந்தது. டென்மார்க்கின் ஸ்கார்பி, அமெரிக்காவின் டிரிலியன் என்று தொகுப்புகள் வந்தன. 2016-ல் வந்த மோடோ பேஸ் பதிவே இல்லாமல் கம்பியின் இயக்கத்தைக் கணக்கிட்டு ஒலிக்கிறது.

ஆம்பூர்த் தம்பியின் அறைக்குத் திரும்புவோம். நாங்கள் அன்று இரவு அந்த ஒரு பாட்டோடு உட்கார்ந்தோம். முதல் வேலை, ஒரே ஸ்வரம் திரும்ப வந்தால் வேறு வேறு பதிவை எடுக்கும் வசதியைத் திறந்துவிட்டது. பெரும்பாலான பேஸ்காரர்கள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாற்றி மாற்றி மீட்டுவார்கள். இரண்டுக்கும் பலம் ஒன்றல்ல. அதனால் ஸ்வரங்களின் அழுத்தத்தையும் 127 அளவில் ஒன்று 96, அடுத்தது 88 என்று கலைத்தார்.

அடுத்து, கம்பி. மூன்றாவது கம்பியைத் திறந்து மீட்டினாலும், நாலாவது கம்பியின் ஐந்தாவது கட்டத்தில் மீட்டினாலும் கிடைப்பது ஒரே ஸ்வரம். ஆனால் திறந்த கம்பி பளிச்சென்று, தடித்த கம்பி உருண்டையாகப் பேசும். கை எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது ஒரு நொடிக்குள் முதல் கட்டத்துக்கும் பன்னிரண்டாவது கட்டத்துக்கும் பலமுறை தாவும், எந்தக் கைக்கும் முடியாத தாவல்.

நாலு கம்பி பேஸின் கடைசி ஸ்வரத்துக்குக் கீழே பியானோவில் இன்னும் ஏழு கட்டைகள் உண்டு. பேஸுக்கு அவற்றில் வேலையில்லை. அந்தச் சும்மா கிடக்கும் கட்டைகளை மென்பொருள்காரர்கள் விசையாக்கிவிட்டார்கள். ஒன்றை அமுக்கினால் அடுத்த ஸ்வரம் வழுக்கும், இன்னொன்றை அமுக்கினால் உள்ளங்கை பட்டு அமுங்கும், வேறொன்று மீட்டாமல் இடதுகை விரலால் தட்டியெழுப்பும். தம்பி இடதுகையால் அவற்றை மாற்றிக்கொண்டே வலதுகையால் வாசிக்கப் பழகினார்.

அதிக நேரம் பிடித்தது ஸ்வரத்தை நிறுத்துவதில்தான். கீபோர்டுக்காரர் அடுத்த கட்டையைத் தொடும்வரை முந்தியதைப் பிடித்திருப்பார். பேஸ்காரர் விரலைத் தளர்த்தி நடுவில் ஒரு மௌனம் விடுவார். அந்த மௌனத்துக்குள் சுதியே இல்லாத ஒரு 'டக்' விழும், கம்பியை அமுக்கியபடி சுண்டும் சத்தம். தம்பி ஸ்வரங்களின் வாலை ஒவ்வொன்றாக வெட்டி, இரண்டு இடத்தில் அந்த 'டக்'கை வைத்தார். மூன்றாவது இடத்திலும் வைத்துக் கேட்டுவிட்டு எடுத்துவிட்டார்.

பாட்டை மறுபடி ஓடவிட்டார். கட்டிங் மேசையில் தோலைத் தடவிப் பார்ப்பதுபோல், கண்ணை மூடி விரலை மேசைமேல் மெல்ல இழுத்துக்கொண்டே கேட்டார். இரண்டாம் சரணத்தில் விரல் நின்றது. "இங்க ஒண்ணு திரும்ப வருதுண்ணே" என்று அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் கொஞ்சம் தாமதமாக நகர்த்தினார்.