மேயர்ஹோல்ட்: உடலும் உணர்ச்சியும்

கரடியைக் கண்டோம், பயந்தோம், ஓடினோம் என்பது பொதுப்புத்தியின் வரிசை. வில்லியம் ஜேம்ஸ் 1884இல் 'மைண்ட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இதைப் புரட்டிப் போட்டார். ஓடுவதாலும் நெஞ்சு படபடப்பதாலும்தான் பயம். உடலின் மாற்றத்தை உணர்வதற்குப் பெயரே உணர்ச்சி என்றார். அடுத்த ஆண்டே டென்மார்க்கின் கார்ல் லாங்கேயும் ஏறக்குறைய இதே முடிவுக்குத் தனியாக வந்துசேர்ந்தார். 1927இல் வால்டர் கானன் கடுமையாக மறுத்தார். உளவியல்காரர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தால் கேலிச்சித்திரம் கூடுதல் வேடிக்கையாகத் தெரியும் என்ற 1988ஆம் ஆண்டுச் சோதனையை 2016இல் 17 ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்து பார்த்தன. அந்த விளைவு கிடைக்கவில்லை.

எனக்கு அக்கறை, இந்தக் கொள்கை மேடையேறிய கதையில்.

வ்ஸெவலோத் மேயர்ஹோல்ட், ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் மாஸ்கோ கலை அரங்கில் நடிகராக இருந்து வெளியேறியவர். நடிகன் தன் உள்ளத்தைக் கிளறி உணர்ச்சியை வரவழைக்க வேண்டும் என்ற பார்வையை அவர் ஏற்கவில்லை. ஜேம்ஸின் கரடியைப் பிடித்துக்கொண்டார். 1922இல் மாஸ்கோவில் தம் 'பயோமெக்கானிக்ஸ்' பயிற்சிகளை விளக்கிக் காட்டினார். வில்லை இழுப்பது, கல்லை எறிவது, கன்னத்தில் அறைவது என்று ஒவ்வொன்றும் துல்லியமாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் எதிர்த்திசையில் ஒரு சிறு பின்வாங்கல் உண்டு. உடலின் நிலை சரியாக அமைந்துவிட்டால் உணர்ச்சி தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. இதில் டெய்லரின் தொழிற்சாலைக் கணக்கும் கலந்திருந்தது. சிக்கனமான அசைவு எந்த மனநிலையைத் தரும் என்பது, பகலெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் நோட்டு எண்ணுகிறவனுக்குத் தெரியும்.

கடைசிக் காலத்தில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியும் உடற்செயலிலிருந்தே தொடங்கச் சொன்னார். 1938 ஜனவரியில் மேயர்ஹோல்டின் அரங்கம் அரசால் மூடப்பட்டபோது, தம் இசைநாடக அரங்கில் அவருக்கு வேலை கொடுத்ததும் அவர்தான். அதே ஆண்டு அவர் இறந்துபோனார். 1939 ஜூனில் மேயர்ஹோல்ட் கைதானார்.

1940 ஜனவரியில் சிறையிலிருந்து மொலொதோவுக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அறுபத்தைந்து வயது நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து உள்ளங்காலிலும் முதுகிலும் ரப்பர் வாரால் அடித்திருக்கிறார்கள். உடல் துடித்ததையும், தன் முனகலே தன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதையும், ஒரு ஒத்திகையைப் பார்த்தவரின் நுணுக்கத்தோடு அதில் எழுதியிருக்கிறார். அந்த நிலையில் அவர்கள் எழுதித் தந்ததில் கையெழுத்தும் போட்டார். விசாரணை அதிகாரிகள் ஜேம்ஸைப் படித்திருக்கத் தேவையில்லை. உடலை ஒரு நிலையில் வைத்தால் வேண்டிய சொல் வந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதே கடிதத்தில் மேயர்ஹோல்ட் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறார். அந்த மறுப்பு எந்த அசைவிலிருந்து பிறந்தது? அவருடைய கொள்கைக்குள் இதற்கு இடம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

1940 பிப்ரவரி 2 அன்று சுட்டுக் கொன்றார்கள். 1955இல் குற்றமற்றவர் என்றார்கள். பயிற்சிகளை அறிந்த பழைய நடிகர் நிகோலாய் குஸ்தோவ், 1970களில் மாஸ்கோவின் அங்கத நாடக அரங்கில், சில இளம் நடிகர்களுக்கு வில்லை இழுக்கக் கற்றுக்கொடுத்தார்.