குடிலன் வீழ்ச்சியும் அவலச் சுவையும்

மனோன்மணீயத்துக் குடிலனைக் கொடியோன் என்னும் ஒரு சொல்லால் கூறி அமைதல் எளிது. கொடியோன் வீழ்ந்தான், அறம் வென்றது என முடித்துவிடின், நாடகம் நீதிக்கதையளவில் நின்றுவிடும். சூழ்ச்சியாளன் ஒருவனது வீழ்ச்சி எப்பொழுது அவலமாகும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

முழுக் கொடியோன் ஒருவன் உயர்நிலையினின்று வீழ்தல் அறவுணர்வுக்கு நிறைவளிக்குமேயன்றி, இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பாது என்பது அரிசுடாட்டில் கவிதையியலிற் கூறும் கருத்து. ஆயினும் செகப்பிரியரின் மாக்பெத் கொலைஞனாகியும் நம் இரக்கத்தைப் பெறுகின்றான். தான் இழந்தது இன்னதென அவன் அறிகின்றான், அவ்வறிவே காரணம். இயாகோவோ இறுதியில் வாய் திறக்க மறுக்கின்றான்; ஆதலின் அவலம் ஒதெல்லோவிடமே தங்குகின்றது. எனவே, தன் ஆற்றலே தன்னைக் கெடுத்தல், அக்கேட்டைத் தானே உணர்தல் என்னும் இரண்டும் சூழ்ச்சியாளனை அவல மாந்தனாக்கும் எனக் கொள்ளலாம்.

நம் மேடை மரபு மங்கல முடிவையே விரும்பியது. முதுகுளத்தூர் போன்ற இராமநாதபுரச் சீமை ஊர்களில் திருவிழா இரவுகளில் நடைபெறும் இசைநாடகங்களை நோக்கினும் இஃது விளங்கும். அரிச்சந்திரனுக்கு அடுக்கடுக்காய்த் துன்பம் விளைத்த விசுவாமித்திரரே முடிவில் தம் தோல்வியை ஒப்புகின்றார். ஆங்குச் சூழ்ச்சி சோதனையாக மாறிவிடுகின்றது, சூழ்ச்சியாளர்க்கு வீழ்ச்சியில்லை.

பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம் இம்மரபினின்று ஓரடி விலகியது. லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்னும் கதையைத் தழுவிய இந்நாடகத்தில், குடிலன் தெய்வச் சோதனையின் கருவியல்லன். கூரிய மதி படைத்த அமைச்சன். சேரனிடம் மணத்தூது செல்லத் தன் மகன் பலதேவனையே அனுப்புவித்துப் போரை மூட்டுகின்றான். மனோன்மணியை அம்மகனுக்கு மணமுடிக்கவும் வழி வகுக்கின்றான். சுந்தர முனிவர் அரச குலத்தைக் காக்க அமைத்த சுருங்கையையும் கண்டறிகின்றான். ஒவ்வொரு செயலும் அவன் மதியின் வெற்றியே.

அவ்வெற்றியின் முடிவிலேயே வீழ்ச்சி நிற்கின்றது. சுருங்கை வழியைக் காட்டிச் சேரன் புருடோத்தமனிடம் பேரம் பேசச் சென்றவன், அவனாலேயே விலங்கிடப்பட்டு, தான் கண்ட வழியிலேயே வழிகாட்டியாக நடத்தப்படுகின்றான். பிறர் எவரும் அவனை வெல்லவில்லை. அவன் மதியே அவனைப் பகைவன் முன் கொண்டு நிறுத்தியது. முதற்கூறு இங்ஙனம் முற்றும் அமைந்துளது.

இரண்டாவது கூறு அவ்வாறு அமையவில்லை. இறுதிக் களத்தின் ஒளி மனோன்மணி சூட்டும் மாலையின்மேலும், ஏமாந்த சீவகன் பெறும் தெளிவின்மேலுமே விழுகின்றது. உணர்வு நேர வேண்டிய இடம் குடிலன் நெஞ்சம். அஃது அரசன் நெஞ்சிற்கு மாற்றப்பட்டது. அமைச்சனை ஆராயாது நம்பிய அரசனுக்கு அத்தெளிவு உரியதே. ஆயினும் அதனால் குடிலன் அவலத்தின் வாயில்வரை கொணரப்பட்டு, ஆங்கே நிறுத்தப்படுகின்றான்.

இதனை ஆசிரியரின் குறையெனல் பொருந்தாது. மணத்தில் முடியும் நாடகத்தில் விலங்கிட்டவன் துயர் மேலோங்கின், மங்கலம் சிதையும். ஆசிரியர் மங்கலத்தைத் தேர்ந்தார். அதற்குரிய விலையைக் குடிலன் கொடுத்தான். தமிழில் அவல நாடக வளர்ச்சியை ஆராய்வோர், அரசரும் தலைவியரும் அழுத இடங்களோடு, குடிலன் வாய்மூடி நின்ற இவ்விடத்தையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.