சில்லில்லாமல் இறங்கியவர்கள்

2024 மே 13, திங்கட்கிழமை. சிட்னியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு சிறிய விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. நியூகாசில் விமான நிலையத்திலிருந்து போர்ட் மக்குவாரிக்குப் புறப்பட்ட, இரட்டை எஞ்சின் பூட்டிய பீச்கிராஃப்ட் சுப்பர் கிங் எயார். கிளம்பிய பிறகு சில்லுகள் கோளாறாகிவிட்டன. உள்ளே விமானியும் இரண்டு பயணிகளும். எரிபொருளைத் தீர்ப்பதற்காக அது மணிக்கணக்காகச் சுற்றியது. நண்பகல் கழிந்ததும் விமானி அதை வயிற்றால் இறக்கினார். ஓடுபாதையில் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. மூவரும் காயமின்றி நடந்து வெளியே வந்தார்கள்.

"முருகன் காப்பாத்திப்போட்டான்" என்று அம்மா கண்ணைத் துடைத்தார்.

"இல்லை அப்பம்மா, அது பழக்கம்" என்றாள் என் மகள். விமானம் ஓட்டப் பழகத் தொடங்கி அவளுக்கு அப்போது இரண்டு மாதம்.

அவள் பழகுவது எனக்குச் சம்மதமில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் 1980களின் பிற்பகுதியில் வளர்ந்தவனுக்கு விமானச் சத்தம் என்றால் பதுங்குகுழி. எங்கள் ஊரில் 'சியாமாசெட்டி' என்று பெயர் பெற்ற அந்தச் சிறிய விமானம், பயிற்சிக்கென்று இத்தாலியில் செய்யப்பட்ட ஒன்று என்பதை இங்கு வந்த பிறகுதான் அறிந்தேன். என் பிள்ளை அப்படியொரு இருக்கையில் இருப்பதை மனம் ஏற்கவில்லை. பழக்கம் காப்பாற்றும் என்று அவள் சொன்னதையும் நம்பவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் பழைய கதைகளைத் தேடினேன். நாங்கள் வாழும் இதே மாநிலத்தில் ஒரு கதை கிடைத்தது.

ஆரம்பகால விமானங்களின் சில்லுகள் மடங்குவதில்லை. வேகம் கூடக்கூட, கீழே தொங்கும் சில்லுகள் காற்றில் பெரும் தடையாகின. 1930களில் சில்லை உள்ளே இழுத்துக்கொள்ளும் விமானங்கள் பெருகின. வேகம் கூடியது. கூடவே ஒரு புதிய ஆபத்தும் வந்தது. மடங்கிய சில்லு திரும்ப விரியாமல் போகலாம். அதைவிட மோசம், விரிக்க வேண்டும் என்பதையே விமானி மறந்துவிடலாம்.

பிரித்தானிய விமானப்படையில் மடங்கும் சில்லுகளோடு சேவைக்கு வந்த முதல் விமானம் அவ்ரோ அன்சன், 1936இல். அதில் பொத்தான் எதுவும் கிடையாது. விமானியின் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள கைபிடியை 140 தடவைக்கு மேல் சுற்றினால்தான் சில்லு மேலே போகும். கிணற்றில் துலா இழுத்த கைகளுக்கு அந்த அலுப்பு விளங்கும். குறுகிய பயணங்களில் பலர் சுற்றுவதேயில்லை. வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்று சில்லைத் தொங்கவிட்டபடியே பறந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அவுஸ்திரேலியாவில் ஏராளமான இளைஞர்கள் அன்சனில்தான் பழகினார்கள். வாகா வாகாவுக்கு அருகே ஃபொரஸ்ட் ஹில்லில் ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. 1940 செப்டெம்பர் 29 அன்று அங்கிருந்து இரண்டு அன்சன்கள் பயிற்சிக்காகப் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் இருவர். புரோக்கிள்ஸ்பி என்ற சிற்றூருக்கு மேலே, ஏறத்தாழ 1000 அடி உயரத்தில் திரும்பும்போது ஒன்றையொன்று காணவில்லை. ஒன்று மற்றதன் மேல் அமர்ந்து, இரண்டும் கொளுவிக்கொண்டன.

மேல் விமானத்தை ஓட்டியவர் லெனாட் ஃபுல்லர், வயது 22. அவருடைய இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன. கீழ் விமானத்தின் எஞ்சின்களோ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வழிகாட்டிகள் இருவரும் பரசூட்டில் குதித்தார்கள். கீழ் விமானத்தின் விமானி ஜக் ஹியூசன், 19 வயது, முதுகில் காயத்தோடு குதித்தார். ஃபுல்லர் மட்டும் மிஞ்சினார். தன் இறக்கைகளைக் கொண்டு இரண்டு விமானங்களையும் ஓரளவு திருப்ப முடிகிறது என்று அவர் கண்டுகொண்டார். தள்ளுவதற்குக் கீழே உள்ளவரின் எஞ்சின், திருப்புவதற்குத் தன் இறக்கை. அவருடைய சில்லுகள் இருந்தும் பயனில்லை, அவற்றுக்குக் கீழே இன்னொரு விமானம். அப்படியே சுமார் 8 கிலோமீற்றர் பறந்து, ஒரு பண்ணை வயலில் இறக்கினார். ஏறத்தாழ 180 மீற்றர் புல்லில் வழுக்கிப் போய் நின்றது. அவருக்குக் காயமில்லை.

மெல்பேர்ணிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஃபுல்லர் வீரம் பேசவில்லை. அவசரமாக இறங்க வேண்டி வந்தால் வீடு தெரியும் இடத்துக்கு அருகே இறங்கு, காற்றுக்கு எதிராக இறங்கு என்று படிப்பித்திருந்தார்கள். அதைத்தான் செய்தேன், அதோ வீடு என்று காட்டியிருக்கிறார். விமானம் கையில் கொஞ்சம் பாரமாக இருந்தது என்பது மட்டும்தான் அவருடைய முறைப்பாடு.

அவரைப் பாராட்டி சார்ஜன்ட் ஆக்கினார்கள். அனுமதியில்லாமல் பத்திரிகையோடு பேசியதற்காக 14 நாள் முகாமைவிட்டு வெளியே போகவும் தடை விதித்தார்கள். மேல் விமானம் திருத்தப்பட்டு மறுபடி பறந்தது. கீழ் விமானம் பயிற்சிக் கூடத்துக்குப் போனது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அம்மாவிடம் சொல்லி மகிழ்ந்திருப்பேன். அது முடியவில்லை. அன்று குதித்துத் தப்பிய வழிகாட்டி ஹியூ ஃப்ரேசர், 1942 ஜனவரி 1 அன்று பிரித்தானியாவில் பயிற்சிப் பறப்பொன்றில் இறந்தார். ஃபுல்லர் போர்முனைக்குப் போய்ப் பதக்கத்தோடு திரும்பினார். 1944 மார்ச்சில் விக்டோரியாவின் சேல் நகருக்கு அருகே சைக்கிளில் போகும்போது பஸ் மோதி இறந்தார். இரண்டு விமானங்களைச் சேர்த்து இறக்கியவருக்குத் தரையில் சாவு வந்தது.

இதை மகளிடம் சொன்னேன். பழக்கம் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றாது என்று காட்டத்தான் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "ஓம் அப்பா, அந்த வயலில காப்பாத்தினது. அவ்வளவுதான் கேக்கலாம்" என்றாள்.

அவள் பழகும் செஸ்னா 172இன் சில்லுகள் மடங்காதவை, நிரந்தரமாகப் பொருத்தியவை. ஆனாலும் இறங்குமுன் ஒவ்வொரு தடவையும் பிரேக், சில்லு, எரிபொருள் என்று வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். கீழேயே இருக்கும் சில்லை ஏன் கேட்பது என்று கேட்டேன். "நாளைக்கு மடங்குற சில்லு வரேக்க வாய் தானாச் சொல்லோணும். அப்ப பழக ஏலாது" என்றாள்.

சனிக்கிழமைகளில் இப்போது நான்தான் அவளைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன். நெடுஞ்சாலையில் போகும்போது பக்கத்து இருக்கையில் அந்த வரிசையை முணுமுணுப்பாள். எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. அவள் மேலே போனதும் வேலியோரம் நிற்பேன். சத்தம் தலைக்கு மேலே வரும்போது உடம்பு இன்னும் குனியத்தான் பார்க்கிறது. குனியாமல், அவளுக்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன்: பிரேக், சில்லு, எரிபொருள்.